வருபவர்க்கு வழி தெரியுமா?

செங்கற்பட்டிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருவழியில் சிங்கப்பெருமாள் கோயில் என்னும் ஊர் இருக்கிறது. பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று அவ்வூருக்குப் பெயரைத் தந்தது. கருவறை குன்றின் உடலிலேயே குடையப்பட்டிருப்பதால், அங்கே கருவறையை மட்டும் வலம்வர இயலாது. வலம்வர விரும்புவோர் குன்று முழுவதையும் சுற்றிவர வேண்டும். ஓர் இடத்தை நாற்புறமும் நடந்து அறிவது அவ்வூர் மக்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம்.

அந்தச் சிற்றூர் இன்று சிற்றூராக இல்லை. ஒருபுறம் பெருவழியில் இரவும் பகலும் ஊர்திகள் விரைகின்றன. மற்றொருபுறம் சென்னை–செங்கற்பட்டு இருப்புப்பாதை. வடக்கே மறைமலைநகரின் தொழிற்சாலைகள். தெற்கே 2002-இல் தொடங்கிய மகிந்திரா தொழில் நகரம். திருமணக் கூடங்களும் பள்ளிகளும் விடுதிகளும் ஆண்டுதோறும் எழும்புகின்றன. இவ்வூரில் ஒரு கூடத்தில் தீப்பற்றினால் மறைமலைநகரிலிருந்தோ செங்கற்பட்டிலிருந்தோ தீயணைப்பு வண்டி வரவேண்டும். திருப்பெரும்புதூர்ச் சாலை இருப்புப்பாதையைக் கடக்கும் இடத்தில், மேம்பாலம் எழும்புவதற்கு முன்பு பல்லாண்டுகள், மூடிய கதவுக்கு முன்னால் நோயாளி ஊர்திகளும் மற்ற ஊர்திகளோடு வரிசையில் நின்றதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வண்டி எப்படியோ வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வந்த வீரருக்கு அந்தக் கட்டடத்தின் வாயில் எது, பின்வாயிலின் சாவி யாரிடம், தண்ணீர்த் தொட்டி எங்கே என்பது தெரியுமா? கேள்வி எளிது. அதற்கு விடை காண உலகம் கொடுத்த விலை மிகப் பெரிது.

நம் நாட்டில் அந்த விலையின் முதற்பெருங் கணக்கு பம்பாயில் எழுதப்பட்டது. 1944 ஏப்ரல் 14. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்னும் சரக்குக் கப்பல் நின்றது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதோடு கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகளும் எண்ணெயும் இருந்தன. வெடிபொருள் ஏற்றிய கப்பல் செங்கொடி பறக்கவிட்டு நிற்பது வழக்கம். அன்று அக்கொடி ஏற்றப்படவில்லை. பிற்பகல் இரண்டு மணியளவில் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்புப் படைக்குச் செய்தி போனது. வழக்கமான தீ என்றே எண்ணி வீரர்கள் வந்தனர். தங்கள் காலடியில் இருப்பது என்ன என்பதை அவர்கள் கப்பலுக்கு வந்த பிறகே அறிந்தனர்.

அறிந்த பிறகும் இரண்டு மணி நேரம் வீணாயிற்று என்பதுதான் மேலும் துயரம். கப்பலை அந்த இடத்திலேயே மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துச் செல்வதா, தண்ணீரை மேலும் மேலும் பாய்ச்சுவதா என்று கப்பல் தலைவர் ஒன்றும், துறைமுக அதிகாரிகள் ஒன்றும், படைத்துறை வெடிமருந்து அதிகாரி ஒன்றும், தீயணைப்புத் தலைவர் ஒன்றுமாக எண்ணினர். எவர் சொல் இறுதிச்சொல் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் மீண்டும் வெடித்தது. இறந்தோர் எண்ணூறு பேருக்குக் குறையார் என்பர். அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அந்நாளையே இந்தியா தீயணைப்போர் நினைவு நாளாகக் கொண்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் சித்திரை முதல் நாளும் அதுவே ஆதலால், நம் வீடுகளில் அந்நாளுக்கு வேறொரு பொருள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பம்பாயில் இழந்தவை இரண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவு ஒன்று. யார் சொல்லைக் கேட்பது என்ற ஒழுங்கு மற்றொன்று. இவை இரண்டும் நெருப்பு பிடித்த பிறகு கிடைப்பவை அல்ல.

துறைமுகமும் போர்க்கப்பல் சரக்கும் நமக்குத் தொலைவான பொருள்கள் என்று சிலர் கருதலாம். ஆதலால் நமக்கு மிக நெருங்கிய ஒரு கட்டடத்தைப் பார்ப்போம்: ஒரு பங்குப் பள்ளிக்கூடம்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில், பெரிதும் இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில், வானதூதர்களின் அன்னை பெயரால் ஒரு பங்கும் பள்ளியும் இருந்தன. ஏறத்தாழ 1,600 பிள்ளைகள் படித்தனர். அருட்சகோதரிகள் வகுப்பெடுத்தனர். 1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. திருவருகைக் காலம் தொடங்கிய மறுநாள். மூன்று மணிக்குப் பள்ளி முடிய வேண்டும். இரண்டு மணிக்கு மேல், கீழ்த்தளப் படிக்கட்டின் அடியில் இருந்த குப்பைத் தொட்டியில் தீப்பற்றியது. படிக்கட்டே புகைபோக்கியாக மாறியது. மேல்மாடி நடைவழி புகையால் நிரம்பிய பின்னரே வகுப்பிலிருந்தோர் அறிந்தனர். கதவைத் திறந்தால் கரும்புகை. சன்னலோ தரையிலிருந்து இருபத்தைந்து அடி உயரத்தில்.

அந்தப் பள்ளியில் எச்சரிக்கை மணி இருந்தது. ஆனால் அது பள்ளிக்குள் மட்டும் ஒலித்தது. தீயணைப்பு நிலையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. தெருவில் இருந்த அபாய அறிவிப்புப் பெட்டி இரண்டு தெருக்களுக்கு அப்பால் இருந்தது. 2 மணி 42 நிமிடத்துக்குப் பங்குப்பணியகத்திலிருந்து தொலைபேசியில் செய்தி போனது. சொன்ன முகவரி பங்குப்பணியகத்தின் முகவரி. வண்டிகள் விரைந்து வந்து பங்குப்பணியகத்தின் முன் நின்றன. பள்ளியோ தெருமுனை திரும்பி அடுத்த தெருவில் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு தடை காத்திருந்தது. பிள்ளைகள் சன்னல்களில் நின்று கதறிய முற்றத்துக்குள் ஏணியைக் கொண்டுபோக வேண்டிய இரும்பு வாயில் பூட்டியிருந்தது. அதை உடைத்து உள்ளே போவதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. பிள்ளைகள் சன்னலிலிருந்து குதிக்கத் தொடங்கிவிட்டனர். 92 பிள்ளைகளும் மூன்று அருட்சகோதரிகளும் இறந்தனர்.

அந்த வீரர்கள் கோழைகள் அல்லர், சோம்பர்களும் அல்லர். வந்த சில நிமிடங்களில் ஏணிகளாலும் வெறுங்கைகளாலும் ஏராளமான பிள்ளைகளைக் காப்பாற்றினர். அவர்களுக்கு இல்லாதது அந்தக் கட்டடத்தோடு அறிமுகம் ஒன்றுதான்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி வேறொன்று. அந்தப் பள்ளி சட்டத்தை மீறிய பள்ளி அன்று. தீ விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, அக்டோபர் மாதத்தில், தீயணைப்புத் துறை அதைப் பார்வையிட்டுத் தேர்ச்சி அளித்திருந்தது. பழைய கட்டடம் ஆதலால் புதிய கட்டடங்களுக்குரிய விதிகள் அதற்குப் பொருந்தா என்பது அன்றைய சட்டம். பார்வையிட வந்தவர் கையிலிருந்த விதிகளோடு கட்டடத்தை ஒப்பிட்டார், ஒத்திருந்தது, கையெழுத்திட்டார். "நாளை இங்கே நெருப்பு வந்தால் நான் எந்த வழியாக உள்ளே வருவேன்? இந்த வாயில் ஏன் பூட்டியிருக்கிறது? என்னை அழைப்பவர் எந்த முகவரியைச் சொல்வார்?" என்று அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை, அது அவருடைய அன்றைய வேலையும் அன்று.

பரிசோதனை வேறு, அறிமுகம் வேறு. விதிக்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது பரிசோதனை. உதவிக்கு வரப்போகிறவரே முன்னதாக வந்து, நடந்து, அளந்து, கேட்டு, தாம் செய்யக்கூடியதையும் கூடாததையும் கட்டடத்துக்கு உரியவரோடு பேசி முடிவு செய்வது அறிமுகம். முன்னதற்குச் சான்றிதழ் உண்டு. பின்னதற்குச் சான்றிதழ் இல்லை. அதனாலேயே அது நடைபெறாமல் போகிறது. சிக்காகோ பள்ளிக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அத்துயரத்துக்குப் பின் ஓராண்டுக்குள் அந்நாட்டில் ஏறத்தாழ 16,500 பழைய பள்ளிக் கட்டடங்கள் திருத்தப்பட்டன என்று கணக்கிட்டுள்ளனர்.

நம் நாட்டுச் சட்டத்துக்குள் இந்த எண்ணம் நுழைந்தது போபாலுக்குப் பிறகே. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த நச்சுவாயு உறங்கிக்கொண்டிருந்த மக்கள்மேல் பரவியது. பல்லாயிரவர் மருத்துவமனைக்கு ஓடிவந்தனர். வந்தவர்களுக்கு என்ன மருத்துவம் செய்வது என்று தெரியாமல் மருத்துவர்கள் திகைத்தனர். கசிந்த வாயு எது, அது உடலை என்ன செய்யும் என்பதைத் தொழிற்சாலை ஊருக்கு முன்னரே சொல்லியிருக்கவில்லை. பம்பாய்க் கப்பலில் ஏறாத செங்கொடியின் கதையே இங்கும் நடந்தது.

அதன் விளைவாக 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் தொழிற்சாலை தன் அவசரகால ஏற்பாட்டைத் தொழிலாளர்க்கும் சுற்றிலும் வாழும் மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றாயிற்று. 1988-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, ஊர்மட்டத்திலேயே இத்தகைய ஏற்பாடுகளைச் செய்வதற்கென ஒரு வழிமுறையை உலக நாடுகளுக்கு அளித்தது. 1996-இல் வந்த இந்திய விதிகள் இன்னும் ஒரு படி முன்னே சென்றன. மாவட்டத்துக்கு ஒரு குழு, அதன்கீழ் உள்ளூர்க் குழு என அமைத்து, தொழிற்சாலையார், தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய அலுவலர், மருத்துவர், ஊராட்சித் தலைவர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒரே மேசையில் அமரச் செய்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும் என்றும் விதித்தன. காகிதத்தில் உள்ள அனைத்தும் எல்லா இடங்களிலும் நடந்தன என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆயினும் ஊராட்சித் தலைவரையும் தீயணைப்பு அலுவலரையும் நெருப்புக்கு முன்பே சந்திக்கச் செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் எண்ணியதே நம் வரலாற்றில் புதுமைதான்.

இந்த எண்ணம் மிகப் பெரிய அளவில் செயற்படுத்தப்பட்ட இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-லிலும் இரண்டாம் உலை 1986-லிலும் வணிகமுறையில் மின்னுற்பத்தியைத் தொடங்கின. நிலையத்தை நடுப்புள்ளியாக வைத்து மூன்று வட்டங்கள் வரைந்தனர். 1.6 கி.மீ. வட்டத்துக்குள் மக்கள் குடியிருக்கக் கூடாது. 5 கி.மீ. வட்டத்துக்குள் மக்கள் பெருக்கம் கட்டுக்குள் இருக்க வேண்டும். 16 கி.மீ. வட்டம் அவசரகாலத் திட்டத்துக்கு உரியது. மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் இப்பெருவட்டத்துக்குள் அடங்கும். செங்கற்பட்டும் சிங்கப்பெருமாள் கோயிலும் வெளியே நிற்கின்றன. வெளியே நிற்பதனாலேயே அவற்றுக்கு வேலை இல்லை என்றாகாது. உள்ளிருந்து புறப்படும் மக்கள் மேற்கு நோக்கித்தானே வரவேண்டும்? கிழக்கே கடல். 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய மருத்துவமனையும் செங்கற்பட்டில்தான் உள்ளன.

இத்திட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது ஒரே ஓர் ஏற்பாட்டை. நிலையத்தின் வேலிக்கு உள்ளே நடப்பதற்குப் பொறுப்பு நிலையத் தலைவருடையது. வேலிக்கு வெளியே நடப்பதற்குப் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. யார் சொல் எங்கே இறுதிச்சொல் என்பது முன்னரே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. பம்பாயில் இல்லாது போனது இதுவே. இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிப்புற ஒத்திகையும் நடத்த வேண்டும். அதில் வருவாய்த்துறை, காவல்துறை, தீயணைப்பு, மருத்துவம், போக்குவரத்து எல்லாம் பங்கேற்க வேண்டும். மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரமாக இருந்தவரை, அந்தப் பொறுப்பாளர் கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் அமர்ந்திருந்தார். 2019 நவம்பர் 29-ஆம் நாள் செங்கற்பட்டு தனி மாவட்டமானதில் இந்தத் தூரமும் குறைந்தது. அதைப் பற்றி அன்று எவரும் பேசியதாக நினைவில்லை!

ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று காலை கடல் எழுந்துவந்தபோது, அந்த வட்டங்கள் எல்லாம் வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. நிலையத்திலிருந்து ஊருக்கு என்ன வரும் என்று எண்ணித் திட்டம் வகுத்திருந்தனர். கடலிலிருந்து நிலையத்துக்கும் நகரியத்துக்கும் ஒருசேர வருவதை எண்ணியிருக்கவில்லை. புயலில் கடல் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டிருந்தனர். ஆழிப்பேரலை அந்தக் கணக்கில் இல்லை. அன்று இரண்டாம் உலை மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் குழாய்வழி புகுந்து நீரேற்றுக் கூடத்தில் மட்டம் உயர்ந்ததைக் கண்ட பணியாளர்கள் உலையை நிறுத்தினர். உலை பாதுகாப்பாக நின்றது. அவசர நிலை அறிவிக்கப்பட்டு மறுநாள் இரவே விலக்கப்பட்டது. கட்டத் தொடங்கியிருந்த ஈனுலையின் அடித்தளக் குழியைக் கடல்நீர் நிரப்பியது. கடலோரம் அமைந்த நகரியத்திலும் அருகிலிருந்த மீனவர் குப்பங்களிலும் உயிர்கள் போயின. உலை தப்பியது, உலையில் பணியாற்றியோரின் வீடுகள் தப்பவில்லை.

அன்று அந்தக் கரையில் முதலில் மீட்புக்கு இறங்கியவர் யார்? தேசியப் பேரிடர் மீட்புப் படை என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை. அது 2006-இல் அமைக்கப்பட்டது. அதன் நான்காம் அணி இன்று அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைக்கு வந்து சேரும் நேரம் ஒன்று உண்டல்லவா? அந்த நேரம் வரை கட்டுமரக்காரரும், பக்கத்துத் தெருக்காரரும், சாலையில் நின்ற ஆட்டோ ஓட்டுநரும்தாம் படை. இது குறையாகச் சொல்வதன்று. எல்லாப் பேரிடரின் முதல் மணி நேரமும் எல்லா நாடுகளிலும் இப்படித்தான் கழிகிறது. ஆகவே திட்டம் வகுப்போர் சீருடை அணிந்தவரை மட்டும் அழைத்தால் போதாது.

இனி நம் பள்ளிகளுக்கும் கூடங்களுக்கும் வருவோம். தொழிற்சாலைக்கு மேசையும் குழுவும் ஒத்திகையும் சட்டத்தால் வந்தன. நூற்றுக்கணக்கான குழந்தைகள் நாளெல்லாம் இருக்கும் பள்ளிக்கும், ஆயிரம் பேர் உண்ணும் கூடத்துக்கும் என்ன வந்தது?

தமிழகம் சில ஆண்டுகளுக்குள் கண்ட தீவிபத்துகளை நினைத்துப் பாருங்கள். 1997 ஜூன் 7-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் வேள்விப் பந்தலில் தீ. நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் விடுதி ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் கீற்றுக்கொட்டகைத் தீயில் இறந்தனர். 2004 ஜனவரி 23-இல் திருவரங்கத்தில் திருமணக் கூடத்து மாடிப் பந்தலில் தீ. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள். இந்த நான்கிலும் பந்தலோ கீற்றோ இருந்தது. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் நடந்தன. சத்துணவுச் சமையலிடத்தில் பற்றிய தீ மேல்தளத்துக் கீற்றுக்கூரைக்குத் தாவியது. எரியும் கூரை குழந்தைகள்மேல் சரிந்தது. இறங்கிவர ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றே இருந்தது.

கீற்று எரிவது நிமிடக் கணக்கு. எவ்வளவு விரைவாக வண்டி வந்தாலும் அந்த மாடியில் பலரைக் காப்பாற்றியிருக்க இயலாது என்றே கருதுகிறேன். இது தீயணைப்போரைக் குறைத்துச் சொல்வது போலத் தோன்றலாம். உண்மையில் அவர்களுடைய பணியின் பெரும்பகுதி எந்நாளுக்கு உரியது என்பதைக் காட்டுவது. தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவர் ஏதோ ஒரு சாதாரண நாளில், எந்தச் சான்றிதழுக்காகவும் அன்றி, "தீப்பற்றினால் நான் எப்படி மேலே வருவது?" என்ற ஒரே எண்ணத்தோடு அந்தப் படிக்கட்டில் ஏறியிருந்தால், அவர் இறங்கி வரும்போது கூரையைப் பிரிக்கச் சொல்லியிருப்பார்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2009 ஏப்ரல் 13-இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, தீயணைப்புக் கருவிகளும் ஆசிரியர்க்குப் பயிற்சியும் வேண்டும் என்றது. பள்ளி ஏற்பிசைவுக்குத் தீயணைப்புத் துறையின் சான்று தேவையாயிற்று. இவை அனைத்தும் நல்லவை. இவை இல்லாத காலம் திரும்பக் கூடாது. ஆயினும் இவை பெரிதும் பரிசோதனையைச் சேர்ந்தவை. சான்றிதழ் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் தொங்குகிறது. அதில் கையெழுத்திட்ட அலுவலர் மாற்றலாகிப் போய்விடுகிறார். அவருக்குப் பின் வந்தவருக்கு அந்தப் பள்ளி, பத்திரிகையில் பெயர் பார்த்த பள்ளி.

அறிமுகத்துக்கு ஆகும் செலவு என்ன? ஒரு பிற்பகல், சில கோப்பைத் தேநீர். நிலைய அலுவலரையும் வண்டி ஓட்டும் வீரரையும் அழைத்து வளாகத்தைச் சுற்றிவர வேண்டும். வண்டி ஓட்டுபவரைக் கட்டாயம் அழைக்க வேண்டும். வாயில் வளைவுக்குள் வண்டி நுழையுமா என்பதை அவர் கண்ணே சொல்லும். தரைத்தொட்டியில் எந்த மாதத்தில் எவ்வளவு நீர் இருக்கும், கோடையில் வற்றினால் அருகில் எந்தக் கிணறு, மின்சாரத்தைத் துண்டிக்கும் இடம் எது, எரிவாயு உருளைகள் எந்த அறையில், விடுதிப் பிள்ளைகள் இரவில் எந்தத் தளத்தில் உறங்குகின்றனர், அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறோமா (பூட்டுகிறோம் என்றால் ஏன்?), முதியோர் இல்லத்தில் தாமாக நடக்க இயலாதோர் எத்தனை பேர், அவர்கள் கட்டில்கள் எங்கே என்பனவெல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும். அதை ஒரு தாளில் படமாக வரைந்து ஒரு படி நிலையத்திலும் ஒரு படி வாயிற்காவலரிடமும் இருக்க வேண்டும். அழைப்பவர் சொல்ல வேண்டிய முகவரியைத் தொலைபேசியின் அருகே எழுதி ஒட்ட வேண்டும். சிக்காகோவில் பங்குப்பணியகத்து முகவரி போனதை நினைவிற் கொள்க. நம் வளாகங்களிலும் ஆலயத்துக்கு ஒரு தெரு வாயில், பள்ளிக்கு வேறொரு தெரு வாயில் இருப்பது அரிதன்று.

வருபவரும் தம் பக்கத்து உண்மையைச் சொல்வார். "எங்கள் ஏணி இரண்டாம் மாடி வரைதான் எட்டும், இந்த நேரத்தில் பெருவழி நெரிசலில் எங்களுக்கு இத்தனை நிமிடம் ஆகும், நாங்கள் வேறோர் ஊரில் இருந்தால் செங்கற்பட்டு வண்டிதான் வரும்." இந்தச் சொற்கள் நமக்குக் கசக்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் நாமே என்ன செய்ய வேண்டும் என்பது இந்தக் கசப்பிலிருந்துதான் தெளியும். திட்டத்தின் பாதி அவரால் என்ன முடியும் என்பது. மறுபாதி அவரால் என்ன முடியாது என்பது. இரண்டாவதை அவர் வாயால் கேட்டாலன்றி நாம் அறியோம். 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஊர்தியின் பணியாளருக்கும் இது பொருந்தும். வளாகத்துக்குள் ஊர்தி எங்கே நின்று திரும்ப வேண்டும் என்பதை விபத்தன்று கூட்டத்துக்கு நடுவில் கற்பிக்க முடியாது.

திருவிழாக் காலத்தைத் தனியே சொல்ல வேண்டும். அந்தப் பத்து நாள்களில் வளாகமே மாறிவிடுகிறது. நாம் முன்பு வரைந்த படம் அப்போது பயன்படாது. வாயிலில் மின்விளக்கு வளைவு, முற்றத்தில் பந்தல், சுவரோரம் கடைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எரிவாயு உருளை, மேலே தேரின் முடி, அதற்கும் மேலே மின்கம்பி. 2022 ஏப்ரல் 27-இல் தஞ்சை அருகே களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தனர். 2025 மார்ச்சில் குமரி மாவட்டத்து இனயம்புத்தன்துறையில் ஆலயத் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் உரசி நால்வர் இறந்தனர். இவ்விடங்களில் முதலில் வேண்டியவர் தீயணைப்பு வீரரும் அல்லர், மருத்துவரும் அல்லர், மின்வாரியத்தின் கம்பியாளர். தேர் புறப்படும் முன்பு தெருவில் நடந்து பார்க்கவும், தேர் நிலை சேரும் வரை இணைப்பைத் துண்டித்து வைக்கவும் அவரால் மட்டுமே இயலும். விழாக்குழுக் கூட்டங்களில் பாடகர் குழுவுக்கு நாற்காலி உண்டு, ஒலிபெருக்கிக்காரருக்கு உண்டு, வாணவேடிக்கைக்காரருக்கும் உண்டு. கம்பியாளரை அழைத்த கூட்டங்களை விரல்விட்டு எண்ணலாம்.

திருவிழா அனுமதிக்காக நாம் காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுக்கிறோம். நகல் தீயணைப்பு நிலையத்துக்கும் போகிறது. நாள், நேரம், எதிர்பார்க்கும் மக்கள் தொகை, தேர் செல்லும் தெருக்கள் என்று அதில் நான்கு வரிகள் இருக்கும். மின்விளக்கு வளைவின் உயரம் எத்தனை அடி, அதன்கீழ் தீயணைப்பு வண்டி நுழையுமா, நுழையாவிட்டால் வளைவைச் சாய்க்க வேண்டியவர் யார், பந்தற்காரர் இரவில் எங்கே படுத்திருப்பார் என்ற வரிகள் அதில் இல்லை. வரும் ஆண்டுக் கடிதத்தில் இவற்றுக்கு இடம் உண்டு. தாளின் கீழ்ப்பாதி எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கிறது.